தோர்செலே பிரசவ வார்டும் என் தங்கை மகனின் சராசரியும்

அன்புள்ள தங்கை குன்வோருக்கு,

அண்ணன் ஹில்டிங் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் மாலினும் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் என் பேத்தியும் நலமாக இருக்கிறோம். நீயும் உன் முழங்காலும் ஸ்பெயின் வெயிலில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் பால்கனி ஆரஞ்சு மரத்தின் படம் கிடைத்தது. இங்கே ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் நீ அதை அனுப்பியிருப்பாய். நன்றி.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "எஸ்கில் எல்லாம் சொன்னான், வழியில கொஞ்சம் தாமதம் ஆயிடுச்சாமே" என்று சொன்னதும் நான் பேச்சைத் துண்டித்துவிட்டேன். மரியாதை இல்லாத செயல்தான். ஆனால் நடந்ததைத் தாமதம் என்று சொல்கிற ஒருவனைப் பெற்று, படிக்கவைத்து, சுகாதாரப் பொருளாதார நிபுணர் என்று பட்டமும் வாங்கித்தந்து ஊர்மேல் ஏவிவிட்டவள் நீ. ஆகையால் முழு விவரத்தையும் நீ படித்தே ஆகவேண்டும். காப்பி போட்டுக்கொண்டு உட்கார்.

பிப்ரவரியிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மாகாண நிர்வாகம் மூடியது உனக்குத் தெரியும். மூடிய பிறகு, ஏன் மூடினோம் என்று தோர்செலே மக்களுக்கு விளக்க ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு நிபுணர் வருவார் என்று அறிவித்தார்கள். முதலில் மூடிவிட்டு அப்புறம் விளக்குவது நல்ல ஏற்பாடு, வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. நானும் மக்கள் மன்றத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். டாக்சியிலிருந்து இறங்கி உள்ளே வந்த நிபுணர் உன் மகன். வார்டை மூடலாம் என்று அறிக்கை எழுதியதே அவன் வேலை பார்க்கிற கம்பெனிதானாம். அந்த வார்டில்தான் நீ இரவெல்லாம் கத்தி அவனைப் பெற்றாய். அந்தச் செலவு வீண் என்று அவனே கண்டுபிடித்திருக்கிறான் என்றால் நேர்மையான பிள்ளை என்றுதான் சொல்லவேண்டும்.

மேடையில் ஏறி, காப்பியோடு வைத்திருந்த இலவங்கப்பட்டை பன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். "இப்ப இந்த பன் இலவசம்னு வச்சுக்குங்க. விலைன்னு ஒண்ணு இல்லாட்டி ஆளாளுக்குத் தேவைக்கு மேல எடுப்பாங்க, எவ்வளவு இருந்தாலும் பத்தாது. மருத்துவத்துலயும் இதே கதைதான்" என்று சொல்லித் தட்டைச் சுற்றுக்கு விட்டான். தட்டு மன்றத்தைச் சுற்றி அவனிடமே திரும்பி வந்தது, ஒரு பன்னோடு. கடைசிப் பன்னை எடுப்பவன் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவன் படித்த பாடத்தில் வரவில்லை போலிருக்கிறது. மறுபடி சுற்றுக்கு விட்டான். ஒருவர் கத்தியால் பாதியை மட்டும் வெட்டி எடுத்தார், அடுத்தவர் மீதியில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு தட்டின் நடுவில் கிடந்தது. மன்றம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் தொடவில்லை.

வீவேக்கா எழுந்தாள். மாலினையே பிரசவம் பார்த்து எடுத்தவள், வார்டு மூடியதும் வேலை போனவள். "தம்பி, இலவசமாத்தான் இருக்கு, யாரும் எடுக்கலையே. பிரசவமும் அப்படித்தான். சும்மா கிடைக்குதேன்னு யாரும் இன்னொண்ணு கொடுங்கன்னு வந்து கேட்டதில்ல" என்றாள்.

"அது ஒரு உதாரணத்துக்குச் சொன்னதுங்க" என்றான் உன் மகன்.

அதன்பிறகு பன்னை விட்டுவிட்டுத் திரையில் காட்டிய கணக்குப் படத்துக்குப் போனான். ஒரு வார்டைத் திறந்து வைத்தால் பிரசவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கவேண்டும், விளக்கு எரியவேண்டும். அந்தச் செலவைக் கொஞ்சம் குழந்தைகளுக்குப் பங்கு போட்டால் தலைக்கு அதிகம் வரும், கடற்கரையில் ஹம்ன்விக் பெரிய ஆஸ்பத்திரியில் நிறையக் குழந்தைகளுக்குப் பங்கு போட்டால் தலைக்குக் குறையும். இவ்வளவுதான் விஷயம். எனக்கே புரிந்தது, அந்த அளவுக்குத் தெளிவாகச் சொன்னான். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன்.

"ஹம்ன்விக் வரைக்கும் போற செலவு எதுல வருது?"

"அது எங்க கணக்குல வராது மாமா."

"வேற யார் கணக்குல வரும்?"

"உங்க கணக்குல."

"அப்ப மிச்சம் ஆச்சுன்னு சொல்றியே, அது?"

"அது எங்க கணக்குல."

நான் கைதட்டினேன். என்னோடு சேர்ந்து இன்னும் சிலரும் தட்டினார்கள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலைவணங்கினான். உன் வளர்ப்பு.

இதில் வீவேக்காவின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும். சிக்கனத்துக்காக அவளை வீட்டுக்கு அனுப்பினார்களா, ஹம்ன்விக்கில் திடீரென்று பிரசவங்கள் குவிந்துவிட்டன. எங்கிருந்து குவிந்தன என்று யாருக்கும் விளங்கவில்லை. பிரசவம் பார்க்க ஆள் போதவில்லை என்று ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டார்கள். கம்பெனி வீவேக்காவைக் கூப்பிட்டது. இப்போது அவளுக்குப் பழைய சம்பளத்தைவிட இரண்டு மடங்கு, போகவர வண்டி, தங்க ஓட்டல், காலையில் முட்டையும் புகைபோட்ட மீனும். "என்னை வேலையை விட்டு எடுத்தாங்க பாருங்க பெரியவரே, அதைவிட நல்ல பதவி உயர்வு எனக்கு யாரும் கொடுத்ததில்ல" என்று கடையில் பார்த்தபோது சொன்னாள். இதைப் பற்றி எஸ்கிலிடம் கேட்டேன். தேவை கூடினால் விலை கூடும், அது இயற்கை என்றான். இயற்கைக்கு அவன் எழுதிக்கொடுத்த அறிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வார்டுக்குப் பதிலாக நமக்கு ஒரு மாலைநேர வகுப்பு தந்தார்கள். காரில் பிரசவமானால் என்ன செய்வது என்று ஒரு வகுப்பு. அதையும் நடத்தியது வீவேக்காதான், அதற்கும் தனிக் கூலி. மாலின் அப்போது நிறைமாதம். அவள் புருஷன் நிக்லாஸ் வடக்கே சுரங்கத்தில் இரண்டு வாரம், வீட்டில் இரண்டு வாரம் என்று இருப்பவன். மாலினின் அம்மா உயிரோடு இருந்தால் அவளே போயிருப்பாள். ஆகவே நான் போனேன். ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பழைய காரின் பின்சீட்டில் ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து, இளம் தம்பதிகள் எல்லாம் குளிரில் சுற்றி நின்று குறிப்பெடுக்கிறார்கள். முடிவில் ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். துண்டு, போர்வை, குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லா. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றாள் வீவேக்கா. கர்ப்பிணி பின்சீட்டில் படுத்தால் சீட்பெல்ட்டை எப்படிப் போடுவது என்று கேட்டேன். ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக என் காலமெல்லாம் உழைத்தவன் வேறு எதைக் கேட்பேன். ஒரு பையன் சிரித்தான். அவனை நான் ஒருமுறை தேர்வில் பெயிலாக்கியிருக்கிறேன்.

ஈஸ்டர் வாரம் வந்தது. உன் மகன் பனிச்சறுக்கு ஆட ஊருக்கு வந்து, வழக்கம்போல் ஓட்டல் செலவைத் தன் கணக்கில் சேர்க்காமல் என் வீட்டில் தங்கினான். நிக்லாஸ் சுரங்கத்தில் இருந்தான். வியாழக்கிழமை மாலினுக்கு வலி எடுத்தது. ஹம்ன்விக்குக்கு போன் செய்தால், தூரத்தில் இருப்பவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடவேண்டும், ஆனால் சீக்கிரம் வந்தால் அனுமதிக்க மாட்டோம் என்றார்கள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நூற்று இருபது கிலோமீட்டர். சோதித்துப் பார்த்த பெண், இன்னும் நேரம் இருக்கிறது, கட்டில் எல்லாம் நிரம்பியிருக்கிறது, வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளியுங்கள் என்றாள். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். தோர்செலே என்பது டிராம் வண்டியில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிறது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்தில் ஓட்டலில் தங்கலாமே என்றாள். ஈஸ்டருக்கு ஓட்டல் முழுக்கப் பனிச்சறுக்குக்காரர்களும் கம்பெனி அனுப்பிய மருத்துவச்சிகளும். திரும்பி வந்தோம்.

அன்று சாப்பிடும்போது எஸ்கில் எனக்கு ஆறுதல் சொன்னான். "கட்டில் நிரம்பியிருக்குன்னா அது நல்ல விஷயம் மாமா. காலியா ஒரு கட்டில் கிடந்தா அதுல போட்ட பணம் தூங்குதுன்னு அர்த்தம்."

"பணமாவது தூங்கட்டுமேடா. என் மகள் தூங்கி ரெண்டு நாளாச்சு" என்றேன். உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை மதியம் மாலின் போன் செய்து, "அப்பா, இந்தத் தடவை நிஜம்" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது. எஸ்கிலும் கூட வருகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டான். முழங்கால்வரை தொங்கும் ஒட்டக நிறக் கம்பளிக் கோட்டு, லண்டனில் வாங்கியதாம். முன்சீட்டில் அவன், பின்னால் மாலின், காலடியில் அந்தப் பை. நான் கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் எல்லோரும் போட்டாயிற்றா என்று கேட்டு, சமிக்ஞை கொடுத்து வண்டியை எடுத்தேன்.

பாதை உனக்குத் தெரிந்த பாதைதான். எழுபது, பிறகு தொண்ணூறு, பாலத்துக்கு முன்னால் மறுபடி எழுபது. எதிரே விடுமுறைக்காரர்கள் காரின் பின்னால் கட்டி மலைக்கு இழுத்துப்போகும் தங்கும் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"அப்பா, கொஞ்சம் வேகமா போங்க."

"எழுபதுன்னு போட்டிருக்கும்மா."

"அப்பா."

"மாமா, வலி இப்ப நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது" என்றான் எஸ்கில்.

"பலகையில அதைப் பத்தி ஒண்ணும் போடல" என்றேன். குன்வோர், நான் என்ன செய்வேன். என் வாழ்நாளில் எத்தனை பேரை ஒரே ஒரு கிலோமீட்டர் வேகம் கூடியதற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கால் அழுத்த மாட்டேன் என்கிறது.

பாலத்தைத் தாண்டியதும் கலைமான்கள். பனி உருகப் பாதையில் தூவிய உப்பை நக்கிக்கொண்டு ஒரு பட்டாளமே நிற்கிறது. ஹாரன் அடித்தால் இரண்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நக்குகின்றன. எஸ்கில் இறங்கிப் போய்க் கைகளை ஆட்டினான். ஒரு கிழட்டு மான் அவன் கோட்டின் கைநுனியை நக்கிப் பார்த்தது. வண்டிக்குள் மாலின் முன்சீட்டின் தலையணையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். மான்களுக்கு அது புரிந்தது. அவை நகர்ந்தன.

எஸ்கில் வண்டியில் ஏறி, "நாங்க போட்ட கணக்குல இந்தப் பயணத்துக்கு ஒண்ணரை மணி நேரம்தான்" என்றான்.

"மானையும் சேர்த்தா?"

"சராசரிதான் மாமா. மான் இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு."

"அப்படின்னா அரை மான்தானே நிக்கணும். இங்க முப்பது நின்னுச்சேடா."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் மாலின். மூடினோம்.

சற்று நேரத்தில் அவள், "அப்பா, நிறுத்துங்க. இனிமே முடியாது" என்றாள். எஸ்கில் அவசர எண்ணுக்குப் போன் போட்டான். ஆம்புலன்ஸ் வேண்டும் என்றான். நம் ஊர் ஆம்புலன்ஸ் ஒரு பெரியவரின் இடுப்பெலும்பு முறிவோடு ஹம்ன்விக் போயிருக்கிறதாம். முன்பு இரண்டு இருந்ததல்லவா என்று நான் ஓட்டிக்கொண்டே கேட்டேன். எஸ்கில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு மெல்ல, "ஒண்ணு பாதி நேரம் சும்மா நின்னுச்சு மாமா" என்றான். சும்மா நிற்கும் ஆம்புலன்ஸ் எவ்வளவு அழகான பொருள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஹெலிகாப்டர் கேட்டான். அது மலையில் கால் ஒடிந்த சறுக்குக்காரனைத் தூக்கப் போயிருக்கிறது. எல்லாமே வேலையில் இருந்தது, குன்வோர். மாகாணத்தில் ஒரு சக்கரம்கூட வீணாகச் சும்மா இல்லை. உன் மகன் எழுதியபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

காட்டின் நடுவே லாரிகள் ஒதுங்கும் இடம் ஒன்றில் நிறுத்தினேன். அவசர எண்காரர் எங்களை ஹம்ன்விக் வார்டோடு இணைத்துவிட்டார். போனை எடுத்தது வீவேக்கா.

"யாரு பேசறது?"

"எஸ்கில். அந்த... கூட்டத்துல பேசினேனே."

"ஓ, பன் தம்பியா. சரி, ஸ்பீக்கர்ல போட்டு சீட்டு மேல வைங்க. கை ரெண்டும் வேணும். மாலின் கண்ணு, நான்தான், இங்கேயே இருக்கேன். தம்பி, பின்னால போங்க. தலை தெரியுதா பாருங்க."

எஸ்கில் பின்கதவைத் திறந்து பார்த்தான். "தெரியுது" என்றான். பிறகு, "நான் பொருளாதாரம் படிச்சவன்" என்றான்.

"பரவாயில்ல. அவளுக்குத் தெரியும் என்ன செய்யணும்னு. நீங்க பிடிச்சாப் போதும்."

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எஸ்கில் எப்படியும் உன்னிடம் சொல்லியிருப்பான். சாலையோரம் வண்டி நின்றால் எச்சரிக்கை முக்கோணம் வைக்கவேண்டும். நான் டிக்கியைத் திறந்து முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, விதி சொல்லும் தூரத்தை அடிபோட்டு அளந்துகொண்டே பாதையோரம் நடந்தேன். இது மடத்தனம் என்று கால் வைக்கும்போதே தெரிந்தது. ஆனால் அந்த வண்டிக்குள் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றும் இல்லை, இது ஒன்றுதான் தெரிந்த வேலை. பின்னாலிருந்து மாலின் கத்துவது கேட்டது. வீவேக்கா, "அப்படித்தான், அப்படித்தான்" என்பது போனில் கேட்டது. பிறகு மாலின் கத்துவது நின்றது. எல்லாமே நின்றது.

நான் திரும்பினேன். முக்கோணம் கையிலேயே இருக்கிறது. உன் மகன் பின்கதவருகே பனியில் முழங்காலிட்டிருக்கிறான், கையில் நீலம் பாய்ந்த ஏதோ ஒன்று. அது அழவில்லை.

"அழலை" என்றான் எஸ்கில். "வீவேக்கா, அழலை."

"துடைங்க. துண்டும் போர்வையும் ஈரமா இருந்தா வேற எதையாவது எடுங்க, என்ன போட்டிருக்கீங்க?"

"கோட்டு."

"கழட்டுங்க. அதுல சுத்தி முதுகைத் தேய்ங்க. பூ மாதிரி தடவாதீங்க தம்பி, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ங்க."

தேய்த்தான். மாலின் முழங்கையை ஊன்றி எழ முயன்று, "என்ன ஆச்சு, ஏன் சத்தமே இல்ல, எஸ்கில், ஏன் சத்தமே இல்ல" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான். நான் அங்கேயே நின்றேன். ஒரு லாரி கடந்துபோனது, ஓட்டுநர் கை அசைத்தார், நானும் முக்கோணத்தை அசைத்தேன். அது எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதே. பிறகு கோட்டுக்குள்ளிருந்து துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் நல்ல கோபத்தோடு ஒரு அழுகை.

"ஆங், அதுதான்" என்றாள் வீவேக்கா. "அம்மா நெஞ்சு மேல வைங்க. குல்லாவைப் போடுங்க. பெரியவர் எங்க?"

"முக்கோணம் வைக்கப் போயிருக்கார்."

"அதானே பார்த்தேன்" என்றாள்.

பெண் குழந்தை. உன் மகன் பனியிலேயே உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், ஆனால் நின்றுகொண்டு.

அதன்பிறகு ஹம்ன்விக் வரை எழுபது என்று எழுதிய இடத்தில் நூற்றுப்பத்தில் போனேன். கேமரா இரண்டு இடத்தில் பளிச்சென்று அடித்தது. நான் தேர்வில் பெயிலாக்கியவர்கள் யாருக்காவது இது தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது, ஆகையால் நீயும் வெளியே சொல்லாதே.

ஆஸ்பத்திரியில் மாலினுக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை, நல்லபடியாக இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னார்கள். இப்போது கட்டில் கிடைத்தது. ஒரு தாதி, புதிய பெற்றோருக்கு வழக்கமாகத் தரும் சின்னத் தேசியக்கொடி குத்திய தட்டில் ரொட்டியும் சீஸும் பழச்சாறும் கொண்டுவந்து, சட்டையெல்லாம் ரத்தமாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எஸ்கிலிடம், "அப்பாவுக்கு வாழ்த்துகள்" என்று கொடுத்தாள். அவன் மறுக்கவும் தெம்பில்லாமல் வாங்கிச் சாப்பிட்டான். பிறகு கணினி முன்னால் இருந்த பெண், பிறந்த இடம் எது என்று கேட்டாள். சொன்னேன். அவள் பட்டியலில் தேடிப்பார்த்து, வார்டில் பிறக்காததால் இது தங்கள் பிரசவக் கணக்கில் வராது, தோர்செலேயில் வார்டு இல்லாததால் அந்தக் கணக்கிலும் வராது என்றாள். பிரசவத்துக்குக் கட்டில், மருத்துவர், மயக்கமருந்து எதுவும் செலவாகவில்லை. இந்த வருஷம் மாகாணத்தில் இதைவிட மலிவாக ஒரு குழந்தை பிறந்திருக்காது. இதை நான் எஸ்கிலிடம் சொல்லி, எல்லாக் குழந்தையும் இப்படியே பிறந்தால் ஹம்ன்விக்கையும் மூடிவிடலாமே என்று யோசனையும் சொன்னேன்.

அவன் கொடியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். "ஒரு சம்பவத்தை வச்சு முடிவுக்கு வரக் கூடாது மாமா" என்றான். "மாதிரி அளவு ஒண்ணுதான்."

உள்ளே கட்டிலில் இருந்த மாலின், "அந்த ஒண்ணு நான்தான்டா" என்றாள். நிக்லாஸ் மறுநாள் வந்து சேர்ந்தான். சுரங்கத்தின் அடியிலிருந்து மேலே வரும்வரை அவனுக்குச் செய்தி போகவில்லையாம்.

இதுதான், குன்வோர், உன் மகன் சொன்ன கொஞ்சம் தாமதம். இப்போது நான் சொல்வதைக் கேள். வார்டு திறக்கும்வரை எஸ்கில் என் வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது. கூடத்தில் மாட்டியிருந்த அவன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றி மரக்கொட்டகையில் வைத்துவிட்டேன். மாலின் அவனைத்தான் குழந்தைக்கு ஞானத்தந்தை ஆக்குவேன் என்கிறாள், "அவன்தான்ப்பா பிடிச்சான்" என்கிறாள். நான் சம்மதிக்கவில்லை. உயிரை எடுத்துத் தலையால் வகுத்துப் பார்க்கும் ஒரு படிப்பு நம் குடும்பத்துக்கு வேண்டாம். அது எனக்குப் புரியவில்லை, புரியாமலேயே சாக விரும்புகிறேன்.

உன் முழங்காலை வெயிலில் காட்டு, மதுவில் காட்டாதே. உன் பக்கத்து வீட்டு நோர்வேக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல். கடவுள் உனக்கு நல்ல பொழுதும், அவனுக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமில்லாத, ஆனால் முழுவதும் இல்லாமலும் இல்லாத அண்ணன்,
ஹில்டிங்

பி.கு. இதை எழுதிவிட்டு, தபால்தலை இல்லாததால் மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் நிலவரம் கொஞ்சம் மாறிவிட்டது. நேற்று எஸ்கில் வந்தான். வாசல்படியில் நின்றே பேசுகிறேன் என்றான், குளிராக இருந்ததால் உள்ளே வரச் சொன்னேன். புதிதாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் மூபாக்கா என்றொரு ஊர் இருக்கிறதல்லவா, அங்கே சின்னதாக ஒரு பிரசவ வார்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதை மூடிவிட்டால் அந்தக் குழந்தைகள் எல்லாம் நம் பக்கம் வந்துவிடும். அவற்றை நம்முடையவற்றோடு கூட்டினால் ஒரு வார்டு நடத்த மாகாணம் கேட்கிற எண்ணிக்கை தாண்டிவிடுகிறது, தோர்செலே வார்டைத் திறந்தே ஆகவேண்டும். நான் பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். ஓரிடத்திலும் பிழை இல்லை. மலைப்பாதை குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக்கிடக்கும் என்பதை நான்தான் ஞாபகப்படுத்தினேன். திறந்திருக்கும் மாதங்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டோம், நன்றாகவே வருகிறது. பொருளாதாரம் நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமான பாடம் இல்லை. புதன்கிழமை மூபாக்காவில் விளக்கக் கூட்டம், நானும் அவனும் போகிறோம். அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் என்று கேள்வி. அவர்கள் என்ன கேட்பார்கள், நாம் என்ன சொல்வது என்று இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். மாலினும் வந்திருந்தாள். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் குளிர்காற்று அடிக்கிறது போலிருக்கிறது. ஜன்னல் சந்துகளைச் சரிபார்க்கவேண்டும்.